அறிந்தோரும் ஆணையிடுவோரும்
போயிங் நிறுவன வரலாற்றில் ஒரு நோக்கு

விமான விபத்துக்களைத் தொழினுட்பக் குறைபாடுகளின் விளைவாக மட்டும் நோக்குவது வழக்கம். ஆயின் பெருவிபத்துக்கள் சிலவற்றின் பின்னணியை ஆராயுமிடத்து, குறைபாட்டை அறிந்தோர் இருந்தனர் என்பதும், அவர்தம் சொல் ஆணையிடுவோரை அசைக்கவில்லை என்பதும் புலப்படும். 1997 இல் ஒன்றிணைந்த இரு அமெரிக்க நிறுவனங்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

முதற்கண் மக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் டி.சி.10 விமானம் நோக்கற்பாலது. 1972 ஜூன் 12 ஆம் நாள், கனடாவின் வின்ட்சர் நகருக்கு அண்மையில் பறந்துகொண்டிருந்த அவ்வகை விமானமொன்றின் சரக்கறைக் கதவு பிடுங்குண்டு போயிற்று. சரக்கறையில் அமுக்கம் திடீரெனக் குறையவே, மேலிருந்த பயணிகள் அறையின் தளம் உட்குழிந்து, அதனூடாகச் சென்ற கட்டுப்பாட்டு வடங்கள் சில சிதைந்தன. விமானியின் திறமையால் அன்று எவரும் இறந்திலர். விமானத்தின் உடற்பகுதியை அமைத்துக் கொடுத்த கொன்வெயார் நிறுவனப் பொறியியலாளர் டான் அப்பிள்கேற், பதினைந்து நாட்களின் பின், கதவுகள் மீண்டும் திறக்கும் என்றும் அதனால் விமானமொன்று அழியும் என்றும் தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அவர்கள் இக்கூற்றை மறுத்தாரல்லர். திருத்தச் செலவு எந்த நிறுவனத்தின் தலையில் விழும் என்பதே அவர்தம் கவலையாயிற்று. எச்சரிக்கை மேற்செல்லவில்லை. அரசின் விமானப் போக்குவரத்து ஆணையமும் கட்டாயப் பணிப்புரை விடுக்காது, டக்ளஸ் பிரிவுத் தலைவரின் வாக்குறுதியோடு அமைந்தது. 1974 மார்ச் 3 ஆம் நாள் துருக்கிய விமானமொன்றின் கதவு அவ்வாறே திறந்துகொள்ள, அது பாரிசுக்கு அண்மையிலுள்ள எர்மனொன்வில் காட்டில் வீழ்ந்தது. மாண்டோர் 346 பேர்.

1916 இல் சியாற்றில் நகரிலே தோன்றிய போயிங் நிறுவனத்தின் மரபு வேறாயிருந்தது. 1990களில் 777 விமானத்தை உருவாக்கியபோது வடிவமைப்போரையும் தொழிற்சாலையினரையும் ஒரே குழுக்களில் இருத்தி, விமான சேவை நிறுவனங்களின் கருத்தையும் அது தொடக்கத்திலேயே கேட்டது. 1997 இல் வாங்கியது போயிங். வாங்கப்பட்டது மக்டொனல் டக்ளஸ். ஆயினும் பின்னையதன் தலைவர் ஹரி ஸ்ரோன்சைபர் இணைந்த நிறுவனத்தின் உயர்பதவியில் அமர, செலவுக் கணக்கும் பங்கு விலையும் முதன்மை பெற்றன. 2000 இல் பொறியியலாளரும் தொழினுட்பவியலாளரும் 40 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2001 இல் தலைமையகம் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர் அப்பாலுள்ள சிக்காகோவுக்குப் பெயர்ந்தது. தொழிற்சாலைக்கும் தலைமைக்குமிடையே ஏற்பட்ட இவ்விடைவெளி நிலப்படத்தில் மட்டும் காணத்தக்கதன்று.

2011 இல் எயார்பஸ்ஸின் போட்டிக்கு ஈடுகொடுக்க, 1967 இல் முதன்முதல் பறந்த 737 விமானத்துக்கே புதிய இயந்திரங்களைப் பொருத்த போயிங் தீர்மானித்தது. பருத்த இயந்திரங்களை முன்னோக்கியும் உயர்த்தியும் பொருத்தியமையால் சில நிலைகளில் மூக்கு மேலெழும் இயல்பு உண்டாயிற்று. அதனைத் தணிக்கும் கணினி முறைமையொன்று, காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் ஒரேயோர் உணரியை நம்பி இயங்கியது. அவ்வுணரி பழுதுற்றால் யாதாகும் என 2015 இலேயே பொறியியலாளர் ஒருவர் வினவியிருந்தார். விமானிகளுக்கு மாதிரி விமானி அறைப் பயிற்சி தேவைப்படின் விமானம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் குறைப்பதாக சவுத்வெஸ்ற் நிறுவனத்துக்கு உறுதியளிக்கப்பட்டிருந்தது. எனவே அம்முறைமையைப் பற்றி விமானிகளின் கைந்நூலிலும் கூறப்படவில்லை. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச்சில் எதியோப்பியாவில் 157 பேரும் மாண்டனர். கூட்டுத்தொகை மீண்டும் 346. இது தற்செயலே எனினும் படிப்போர் நெஞ்சை உறுத்தாது விடாது.

கணக்காளர் கையில் நிறுவனம் சிக்கியது என்று கூறி அமைதல் எளிது. ஆயின் அவ்விபத்துக்களின்போது தலைவராயிருந்த டெனிஸ் முயிலன்பேர்க் தாமே ஒரு பொறியியலாளர். ஆகவே பட்டம் எத்துறையினது என்பதன்று, எதற்கு முதலிடம் என்பதே வினா. 2013 முதல் 2019 வரை தன் பங்குகளைத் திரும்ப வாங்கவே நிறுவனம் 4,000 கோடி டொலருக்கு மேல் செலவிட்டது.

2024 ஜனவரி 5 ஆம் நாள், போயிங் புதிதாகக் கட்டிய விமானமொன்றின் கதவடைப்புப் பலகை நடுவானில் பெயர்ந்து போயிற்று. எவரும் இறந்திலர். பலகையைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு ஆணிகளும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. திருத்தவேலைக்காக அதனைக் கழற்றியமை பற்றிய பதிவேதும் ரென்ரன் தொழிற்சாலையில் காணப்படவில்லை.