நியூயார்க் இத்தாலியர்களின் உணவு வரலாறு (1880–1940)

1880க்கும் 1924க்கும் இடையில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிசிலி, கலாப்ரியா, பசிலிகாட்டா, கம்பானியா ஆகிய தென்பகுதிகளைச் சேர்ந்த ஏழை உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் ஆவர். மிகப் பலர் நியூயார்க் நகரில் வந்து இறங்கினர். கணிசமானோர் அங்கேயே தங்கினர். தம் ஊர்ச் சுவையில், தம் கூலிக்குள் அடங்கும் விலையில் உணவு தேடுவது அவர்களின் அன்றாடச் சிக்கலாக இருந்தது. அந்தத் தேடலிலிருந்து தெருச் சந்தைகள், மளிகைக் கடைகள், பாஸ்தா தொழிற்சாலைகள், மலிவு விலை உணவகங்கள் ஆகியவை வளர்ந்தன. இன்று உலகின் பல நாடுகளில் 'இத்தாலிய உணவு' என்ற பெயரில் பரிமாறப்படுவதில் ஒரு பெரும் பகுதி இந்தக் குடியேறிகளின் சமையலறையில் வடிவம் பெற்றது.

ஊரில் உண்ட உணவு

இத்தாலி 1861இல் ஒரே அரசாக ஒன்றிணைந்தது. உரோமை நகரம் 1870இல் அதனுடன் சேர்ந்தது. புதிய அரசு தன் கடனைத் தீர்க்க 1869 முதல் தானியம் அரைப்பதற்கு வரி வசூலித்தது. மாவு ஆலையிலேயே வசூலிக்கப்பட்ட இவ்வரி ஏழைகளின் ரொட்டியின் விலையை உயர்த்தியது. 1884இல்தான் அது முற்றிலும் நீக்கப்பட்டது.

தெற்கில் கோதுமையும் ஆலிவ் எண்ணெயும் விளைந்தன. ஆனால் விளைவித்தவர்களின் வீட்டில் அவை தாராளமாக இருக்கவில்லை. நிலவுடைமையாளருக்கும் சந்தைக்கும் போனது போக, உழவர் குடும்பத்துக்கு முரட்டு மாவு ரொட்டி, அவரை வகைகள், வெங்காயம், வயல்வெளிக் கீரைகள் ஆகியனவே மிஞ்சின. இறைச்சி கிறித்துமசு, ஈஸ்டர், ஊர்ப் புனிதர் திருவிழா, திருமணம் போன்ற நாள்களுக்கு உரியது. நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் மக்ரோனி விற்கப்பட்டாலும், மலைக் கிராமங்கள் பலவற்றில் வெள்ளைக் கோதுமை பாஸ்தா பண்டிகை உணவாகவே இருந்தது. வடக்கில் மக்காச்சோளக் களியான பொலெந்தாவை மட்டுமே நம்பியிருந்த உழவர்கள் உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய்க்கு ஆளாயினர்.

எனவே குடியேறியவர்கள் 'ஊர்ச் சாப்பாடு' என்று ஏங்கியது அவர்கள் அன்றாடம் உண்டதை அன்று. திருவிழா நாளில் உண்டதையும், நிலவுடைமையாளர் வீட்டு மேசையில் கண்டதையும்தான் அவர்கள் நினைவில் கொண்டு சென்றனர். வரலாற்றாய்வாளர் ஹாசியா டைனர், இத்தாலிய, ஐரிஷ், யூதக் குடியேறிகளின் உணவுப் பழக்கங்களை ஒப்பிடும் தம் 2001ஆம் ஆண்டு நூலில் இக்கருத்தை விரிவாக விளக்குகிறார்.

கூலியும் சாப்பாட்டுச் செலவும்

முதலில் வந்தவர்களுள் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண் வெட்டும் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி ஒன்றரை டாலர் அளவில் இருந்தது. அதில் வாடகை கொடுக்க வேண்டும். வந்த கப்பல் கட்டணக் கடனை அடைக்க வேண்டும். ஊரில் உள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டும். சாப்பாட்டுக்குச் செலவிடும் ஒவ்வொரு சென்ட்டும் ஊருக்குப் போகும் பணத்திலிருந்து குறைந்தது. வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தவர்கள் பலர்.

நகருக்கு வெளியே இருப்புப்பாதை, அணைக்கட்டு வேலைகளுக்குச் சென்றவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட 'பத்ரோனே' எனப்படும் தரகர்களே பல முகாம்களில் கடையும் நடத்தினர். ரொட்டி, மக்ரோனி, மத்தி மீன், பாலாடைக்கட்டி ஆகியவற்றை அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. விலை நகரத்தைவிடக் கூடுதல், தரமோ குறைவு. தொகை கூலியிலேயே பிடித்துக்கொள்ளப்பட்டது. பழகிய உணவுக்கான ஏக்கத்தையே தரகர்கள் வருமானமாக்கிக் கொண்டனர்.

நகரத்தில் இதற்கு மாற்றாக அமைந்தவை வாடகைக் குடித்தனங்கள். ஒரு குடும்பம் தன் சிறு வீட்டில் சொந்த ஊர் ஆண்கள் சிலரைத் தங்க வைத்தது. 'போர்தாந்தி' என்று அழைக்கப்பட்ட இவர்களுக்கு வீட்டுப் பெண் சமைத்தார், துணி துவைத்தார். ஒரே பானையில் பலருக்குச் சமைத்ததால் தலைக்கு ஆகும் செலவு குறைந்தது. நியூயார்க்கில் மலிவான, நல்ல இத்தாலியச் சாப்பாடு முதன்முதலில் கிடைத்தது இத்தகைய வீடுகளில்தான். அதன் மலிவுக்கு முக்கியக் காரணம் அந்தப் பெண்களின் கணக்கில் வராத உழைப்பு.

தெருச் சந்தைகள்

மன்ஹாட்டனின் மல்பெரி தெருவும் அதன் சுற்றுப்புறமும் 'சிறு இத்தாலி' எனப் பெயர் பெற்றன. ஆயினும் அங்கு வாழ்ந்தவர்கள் தம்மை முதலில் இத்தாலியராகக் கருதவில்லை. மல்பெரி தெருவில் நேப்பிள்ஸ் வட்டாரத்தினர் கூடி வாழ்ந்தனர். எலிசபெத் தெருவில் சிசிலியர்கள் கூடினர். ஒவ்வொரு ஊராருக்கும் தனிப் பேச்சு, தனிப் புனிதர், தனிச் சமையல் இருந்தன.

தெருவோரத் தள்ளுவண்டிகள் இவர்களின் சந்தையாயின. வண்டிக்காரருக்குக் கடை வாடகை இல்லை. ஆகவே விலை குறைவு. கால் இராத்தல், கைப்பிடி என்று சிறு அளவிலும் வாங்கலாம். மாலையில் மீந்த காய்கறி இன்னும் மலிவாகக் கிடைத்தது. அமெரிக்கக் கடைகளில் அரிதான கத்தரிக்காய், குடைமிளகாய், பெருஞ்சீரகக் கிழங்கு, கசப்புக் கீரை வகைகள் ஆகியவை இவ்வண்டிகளில் குவிந்தன. பணம் இல்லாதவர்கள் நகர ஓரத்து வெற்று நிலங்களில் சீமைக் காட்டுமுள்ளங்கி எனப்படும் டான்டெலியன் கீரையைப் பறித்துச் சமைத்தனர்.

மளிகைக் கடைகளும் அடுமனைகளும் வண்டிகளை அடுத்து வளர்ந்தன. மளிகைக்காரர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். சம்பள நாள்வரை கடன் கொடுத்தார். மொசரெல்லா, ரிக்கோட்டா போன்ற புதிய பாலாடைக்கட்டிகளைக் கப்பலில் கொண்டுவர இயலாது. அவை நியூயார்க்கிலேயே, பசும்பாலில் செய்யப்பட்டன. மல்பெரி, கிராண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் 1892இல் தொடங்கிய அல்லேவா பாலாடைக்கட்டிக் கடை இவ்வகையில் பெயர் பெற்றது.

நகரின் முதல் பீட்சா கடை 1905இல் ஸ்பிரிங் தெருவில் ஜென்னாரோ லொம்பார்தி நடத்தியது என்பது பரவலான வழக்கு; அதற்கு முன்பே பிறர் பீட்சா சுட்டு விற்றதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. நேப்பிள்ஸில் விறகு அடுப்பில் வெந்த பீட்சா இங்கே நிலக்கரி அடுப்பில் வெந்தது. அதனால் அடிப்பகுதி கருகலும் மொறுமொறுப்பும் கொண்ட தனி வகை உருவாயிற்று.

இறக்குமதியும் உள்நாட்டு உற்பத்தியும்

ஆலிவ் எண்ணெய், முதிர்ந்த பாலாடைக்கட்டி, டப்பியில் அடைத்த தக்காளி, உலர் பாஸ்தா ஆகியவை இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தன. நியூயார்க்கில் 1887இல் நிறுவப்பட்ட இத்தாலிய வணிகக் கழகம் இந்த வணிகத்தை ஊக்குவித்தது. குடியேறிகளே இப்பொருள்களின் முதன்மை வாடிக்கையாளர்கள். ஊரில் இருந்தபோது எண்ணெயைத் துளித் துளியாகப் பயன்படுத்தியவர்கள், கடல் கடந்த பின் அதே எண்ணெயை டப்பியாக வாங்கினர்.

விலை உயர்ந்த பொருளில் கலப்படமும் வந்தது. ஆலிவ் எண்ணெயில் பருத்திவிதை எண்ணெய் கலந்து விற்பது வழக்கமாக இருந்தது. 1906இல் இயற்றப்பட்ட தூய உணவு, மருந்துச் சட்டம் பொய்யான பெயர்ச்சீட்டுகளைக் குற்றமாக்கியது.

பாஸ்தாவின் கதை வேறு. பிரூக்ளினில் 1848லேயே ஆந்துவான் செரேகா ஒரு மக்ரோனி ஆலையைத் தொடங்கியிருந்தார். ஆனால் நல்ல பாஸ்தாவுக்குத் தேவையான கடினக் கோதுமை அமெரிக்காவில் போதிய அளவு விளையவில்லை. நேப்பிள்ஸ் வட்டார ஆலைகளேகூட உருசியாவின் தாகன்ரோக் துறைமுகத்திலிருந்து வந்த கோதுமையை விரும்பி வாங்கின. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவியலாளர் மார்க் கார்ல்ட்டன் 1898இல் உருசியாவுக்குச் சென்று கடினக் கோதுமை வகைகளைக் கொண்டுவந்தார். அவை டகோட்டா சமவெளிகளில் நன்கு விளைந்தன. முதல் உலகப் போரில் இத்தாலியின் ஏற்றுமதி தடைப்பட்டபோது அமெரிக்க ஆலைகள் அந்த இடத்தை நிரப்பின. எமனுவேலே ரொன்சோனி 1915இல் குயின்சு பகுதியில் நிறுவிய ஆலை அவற்றுள் ஒன்று. பாஸ்தா இதன்பின் ஏழைக் குடும்பமும் அன்றாடம் வாங்கக்கூடிய பொருளாயிற்று.

காய்கறியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. சிசிலியின் மெசினா வட்டாரத்திலிருந்து வந்த தாரிகோ சகோதரர்கள் 1920களில் கலிபோர்னியாவில் புரோக்கோலி பயிரிட்டு, பனிக்கட்டி இட்டு, தொடர்வண்டியில் கிழக்குக் கரை நகரங்களுக்கு அனுப்பினர்.

பள்ளிகளும் நலப்பணியாளர்களும்

அக்காலத்து அமெரிக்க நலப்பணியாளர்களுக்கும் உணவியல் வல்லுநர்களுக்கும் இத்தாலியச் சமையல் குறையுடையதாகத் தோன்றியது. இறைச்சியும் பாலும் குறைவு, பூண்டும் மிளகாயும் மிகுதி, பல பொருள்களைச் சேர்த்துச் சமைப்பது செரிமானத்துக்குக் கேடு என்று அவர்கள் எண்ணினர். விலை உயர்ந்த இறக்குமதி எண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் ஏழைகள் பணம் செலவிடுவது வீண் என்றும் அறிவுறுத்தினர்.

பள்ளிப் பிள்ளைகள் இதற்கு நடுவில் அகப்பட்டனர். பசிலிகாட்டாவிலிருந்து 1896இல் சிறுவனாக வந்து, பின்னாளில் கிழக்கு ஹார்லெமில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரான லெனர்டு கொவெல்லோ தம் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். பள்ளியில் கொடுத்த ஓட்ஸ் மாவுப் பொட்டலத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கால்நடைத் தீவனத்தையா பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறார்கள் என்று தந்தை கொதித்துப் போனார். அதே காலத்தில் பிள்ளைகளோ, தாய் கட்டிக் கொடுத்த இத்தாலிய ரொட்டியைப் பிற மாணவர் கண்ணில் படாமல் மறைத்து உண்டனர்.

இந்நிலையை இரண்டு நிகழ்வுகள் மாற்றின. 1912இல் 'வைட்டமின்' என்ற சொல் உருவாகி, அதனைத் தொடர்ந்து கீரைக்கும் தக்காளிக்கும் மதிப்பு உயர்ந்தது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான உணவு நிர்வாகம் இறைச்சியைக் குறைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. குறைந்த இறைச்சியில் சுவையான உணவு சமைப்பதில் இத்தாலியப் பெண்களுக்கு நீண்ட பழக்கம் இருந்தது. அதுவரை குறை கூறிய அமெரிக்க இதழ்களில் அவர்களின் சமையல் குறிப்புகள் வெளிவரத் தொடங்கின.

மலிவு விலை உணவகங்கள்

கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் இத்தாலியர்கள் நடத்திய உணவகங்களில் 50 சென்ட் அளவில் முழுச் சாப்பாடு கிடைத்தது. சூப், ஸ்பெகட்டி, இறைச்சி, பச்சைக் காய்கறி, பாலாடைக்கட்டி, காப்பி ஆகியவற்றுடன் திராட்சை மதுவும் அதில் அடங்கும். கையில் காசு குறைந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் இவற்றுக்கு வாடிக்கையாளர் ஆயினர். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது, வீட்டில் பிழிந்த மதுவைக் கோப்பையில் மறைத்துக் கொடுத்த இத்தாலிய உணவகங்களுக்குக் கூட்டம் பெருகியது. மது தேடி வந்தவர்கள் ஸ்பெகட்டிக்கும் பழகினர்.

இவர்களின் விருப்பத்துக்கேற்ப உணவும் மாறியது. இத்தாலியில் பாஸ்தா முதலிலும் இறைச்சி உருண்டை தனியாகவும் பரிமாறப்படும். அமெரிக்காவில் இறைச்சி மலிவு. ஒரே தட்டில் முழு உணவை எதிர்பார்ப்பதும் வழக்கம். ஆகவே ஸ்பெகட்டியின் மேல் பெரிய இறைச்சி உருண்டைகள் ஏறின. குடியேறிகளின் வீடுகளிலும் ஞாயிறு மதிய விருந்தில் இதுவே இடம்பெற்றது. ஊரில் ஆண்டுக்குச் சில முறை கிடைத்த திருவிழாச் சாப்பாடு இங்கே வாரந்தோறும் கிடைத்தது.

சந்தை ஒழுங்குமுறை

ஆர்ட்டிசோக் என்னும் காய்ப்பூவை இத்தாலியக் குடும்பங்கள் விரும்பி உண்டன. நியூயார்க்கில் அதன் வணிகம் சீரோ தெர்ரனோவா என்ற குற்றக்குழுத் தலைவரின் பிடியில் சிக்கியது; விலை செயற்கையாக உயர்ந்தது. இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த நகரத் தலைவர் ஃபியொரெல்லோ லா குவார்டியா 1935 திசம்பரில் பிரான்க்சு மொத்தச் சந்தைக்கே சென்று சிறு ஆர்ட்டிசோக்குகளின் விற்பனைக்குத் தடை அறிவித்தார். சில நாள்களில் தடை விலக்கப்பட்டது, விலையும் இறங்கியது.

அதே லா குவார்டியா தள்ளுவண்டிகளைத் தூய்மைக் குறைவாகவும் போக்குவரத்துக்கு இடையூறாகவும் கருதினார். 1936இல் கிழக்கு ஹார்லெமின் பார்க் அவென்யூவிலும், 1940இல் பிரான்க்சின் ஆர்தர் அவென்யூவிலும் கூரையுள்ள சந்தைகள் திறக்கப்பட்டு வண்டிக்காரர்கள் உள்ளே மாற்றப்பட்டனர். வணிகர்களுக்கு மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் பாதுகாப்புக் கிடைத்தது. கூடவே வாடகையும் வந்தது. இடம் கிடைக்காத வண்டிக்காரர் பலர் தொழிலை விட்டனர்.

மதிப்பீடு

1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இத்தாலியரின் ஆண்டு வருகையை நான்காயிரத்துக்கும் குறைவாக்கியது. புதியவர்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோன பின்னும் உணவு நிலைத்தது. பிற இனத்தாரிடமும் பரவியது.

ஒன்றுபட்ட இத்தாலியின் புகழ்பெற்ற சமையல் நூலைப் பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891இல் வெளியிட்டார். அதில் வட, நடு இத்தாலியச் சமையலே மிகுதி; தெற்கத்திய உணவுகள் குறைவு. அந்நூலில் பெரிதும் இடம்பெறாத தெற்கத்திய ஏழைகளே கடல் கடந்து 'இத்தாலிய உணவு' என்ற பெயரை உலகறியச் செய்தனர். சிசிலியரும் நேப்பிள்ஸ்காரரும் ஒரே மளிகைக் கடையில் வாங்கியபோது, அயலார் இருவரையும் ஒரே பெயரால் அழைத்தபோது, அந்தப் பொதுப் பெயர் உருவாயிற்று.

இவ்வுணவு மாறிவிட்டது, 'உண்மையானது' அன்று என்னும் விமரிசனம் இன்றும் எழுகிறது. ஆனால் பசியால் ஊரை விட்டவர்களுக்கு, பழைய உணவை அப்படியே மீட்பதைவிட அது மறுத்த நிறைவைப் பெறுவதே முதன்மையாக இருந்தது. தள்ளுவண்டிக்காரரும், கடன் கொடுத்த மளிகைக்காரரும், பலருக்காகச் சமைத்த பெண்களும் சேர்ந்து அந்த நிறைவைக் கூலித் தொழிலாளிக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தனர்.