இஷியின் வில்

கலிபோர்னியாவின் யாகி பழங்குடியில் எஞ்சிய இறுதி மனிதராக அறியப்பட்ட இஷி, மரவில்லைக் கையால் செய்தவர். குடியேறிகளின் படுகொலைகளால் தன் மக்களை இழந்த அவர், 1911 ஆகஸ்டில் ஓரோவில் ஊரருகே தனியே வெளிப்பட்டார். பிறகு, சான் பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அங்கே வருவோர் முன்னிலையில் வில்லும் அம்பும் செய்துகாட்டினார்.

அவர் விரும்பிய மரம் மலை ஜூனிபர். அதைப் பிளந்து, சீவி, மணற்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். மான் தசைநாரை மென்று மிருதுவாக்கி, வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறத்தில், பசையிட்டு ஒட்டுவார். நாணை இழுக்கையில் வில்லின் முதுகு நீள்கிறது, எய்பவரை நோக்கிய வயிறு அமுங்குகிறது. நீளும் பக்கம் முறியாமல் தாங்குவது இந்த நார்தான். வில்லின் இரு கைகளும் ஒரே சீராக வளையும்வரை வயிற்றுப்புறத்தைச் சிறிதுசிறிதாகச் சுரண்ட வேண்டும். வில் செய்வோரின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. ஓரிடத்தில் அதிகம் சுரண்டிவிட்டால் வில் அங்கேயே ஒடியும்.

அதே பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், இஷியிடம் இக்கலையைக் கற்றார். காசநோயால் இஷி 1916 மார்ச் 25 அன்று இறந்தார். யாகி வில்வித்தை பற்றிய போப்பின் ஆய்வு 1918இலும், வில்வேட்டை குறித்த நூல் 1923இலும் வெளிவந்தன. அமெரிக்காவில் பொழுதுபோக்காக மரவில் செய்வோர் போப்பையே முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள். அந்த மரியாதையில் முதல் பங்கு இஷிக்கு உரியது.