கோணமலைக் கரைவழி: நடையும் வரலாறும்

ஈழத்தின் கீழைக்கரையில் இயற்கை அமைத்துத் தந்த துறைகளுள் திருகோணமலைக்கு நிகரானது பிறிதில்லை எனலாம். ஆழமும் அகலமும் பொருந்திய உட்துறைமுகம் நகரின் மேற்கே அமைந்துள்ளது. கிழக்கே திறந்த கடலை நோக்கி இரு குடாக்கள் விரிகின்றன. அவற்றைப் பிரித்து நிற்கும் நிலமுனையின் நுனியிலேயே சுவாமிமலை என்னும் குன்று கடலிற் செங்குத்தாக இறங்குகின்றது. முனையின் தெற்கே உள்ளதை டச் பே என்றும், வடக்கே உள்ளதைப் பேக் பே என்றும் ஐரோப்பியர் வழங்கிய பெயர்களே இன்றும் நிலைத்துள்ளன. டச் பே மணற்கரையிற் புறப்பட்டுக் கோட்டை வாயிலினூடாகக் குன்றின் உச்சியை அடைந்து, மீண்டிறங்கிப் பேக் பே கரையிற் சேர்வது சிறுவரும் முதியோரும் ஆறுதலாக நடந்து முடிக்கக்கூடிய வழியாகும். ஒரு மாலைப்பொழுது அதற்குப் போதும். எனினும், இவ்வெளிய நடை எக்காலத்தும் எல்லோர்க்கும் எளிதாக இருந்ததன்று. இக்கரையில் யார் நடக்கலாம், யார் நடக்கலாகாது என்பதனைக் காலந்தோறும் தீர்மானித்தவர் யாவர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டச் பேயின் தென்பாலிலிருந்து தொடங்குவோம். நகரின் பழைய ஆங்கிலேயச் சேமக்காலையிற் கடற்படையினர் பலரின் கல்லறைகள் உள. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் உடன்பிறந்தாரான தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். அவர் 1852இற் பர்மாவின் ஐராவதி ஆற்றிற் போர்ப்பணியில் இருக்கையில் நோயுற்று இறந்தவர். பர்மாவில் இறந்தவருடைய உடல் திருகோணமலை மண்ணை அடைந்ததொன்றே, வங்காள விரிகுடா முழுவதிலும் ஆங்கிலக் கடற்படைக்கு இத்துறை எத்தகைய இருப்பிடமாக விளங்கிற்று என்பதை உணர்த்தப் போதுமானதாகும்.

மணற்கரை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர்க்குக் குன்றும் கோட்டை மதிலும் முன்னே தோன்றும். கோட்டை வாயிலை அடைந்ததும் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். வாயிற் கற்களில் இணைக்கயல் உருவமும் சிதைந்த தமிழ்ச் சாசனமொன்றும் காணப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டிற் சடாவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின் மீது படையெடுத்துக் கோணமலையிற் கயற்பொறி பொறித்தான் எனக் குடுமியான்மலைச் சாசனம் கூறுகின்றது. வாயிலிற் காணப்படும் கயல்களை அச்செய்தியோடு தொடர்புபடுத்தி நோக்குவது பொருத்தமானதே.

சாசனத்தின் கதை வேறுவிதமானது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என முன்னோர் தீர்க்கதரிசனமாகக் கல்லிற் பொறித்து வைத்தனர் என்பது மக்கள் வழக்கு. ஆயின், வாய்மொழியாக வழங்கும் செய்யுள் முழுவதும் கல்லில் இல்லை. எஞ்சியிருப்பவை சில எழுத்துக்களே. அவற்றுள்ளும் பறங்கி என்னும் சொல் இடம்பெறுவதால், போர்த்துக்கேயர் இந்நாட்டில் அறியப்பட்ட பின்னரே இது வெட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்று கொள்வதே முறையாகும். எனவே இதனை வருவதுரைத்த வாக்காகக் கொள்வதிலும், வந்த துன்பத்தை நெஞ்சிற் கொண்டோர் விட்டுச்சென்ற பதிவாகக் கொள்வது சான்றுக்கு ஒத்ததாகும். அவ்வாறு கொள்வதனால் அதன் பெருமை குறைவதில்லை. அழிவைக் கண்டோரோ அஞ்சியிருந்தோரோ அதனைக் கல்லில் எழுதத் துணிந்தனர் என்பது தீர்க்கதரிசனத்திலும் அரிய செய்தியன்றோ?

அழிவு 1620களில் நிகழ்ந்தது. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிற் பதிகம் பாடிய கோணேசர் கோயிலை, கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தேசாதிபதி இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே முனையின் குறுக்கே கோட்டையை எழுப்பினான். வழிபடுவோர் சென்ற பாதை அன்றுதொட்டுப் படைவீரர் காவல்புரியும் பாதையாயிற்று. 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டோ இக்கரைகள் கண்ட ஆண்டுகளுள் மிகக் கொந்தளிப்பானது. சனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தான். ஓகஸ்ட் இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சுஃப்றன் பேக் பேயிற் படையிறக்கி அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தான். செப்டெம்பர் 3ஆம் நாள் இருவரின் கப்பற்படைகளும் துறைக்கு வெளியே பொருதன. சமாதான உடன்படிக்கையின் பின் ஒல்லாந்தர் மீளப் பெற்ற கோட்டை, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் மகனான யோர்க் கோமகனின் பெயரால் அது பிரெட்றிக் கோட்டை எனப்பட்டது. இத்தனை கைமாற்றங்களிலும் நகர மக்களின் விருப்பத்தை வினவியோர் எவருமிலர்.

கோட்டையுள்ளே புள்ளிமான்கள் மேயும் மரநிழலிற் பாதை மெல்ல ஏறுகின்றது. பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் கோமகன், ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளந்தளபதியாக இங்குத் தங்கியிருந்தமையை நினைவூட்டும் மனையொன்றும் உண்டு. உச்சியில் ஒல்லாந்த மொழி எழுத்துக்களும் 1687 என்னும் ஆண்டும் பொறித்த கற்றூண் நிற்கின்றது. கைவிட்டுச் சென்ற காதலனின் கப்பலைக் கண்டு பிரான்சினா வான் றீட் என்னும் மங்கை கடலிற் பாய்ந்தாள் என்று வழிகாட்டிகள் கூறுவர். உண்மையில் அவள், மலையாள நாட்டு மூலிகைகள் பற்றிய பெருநூலை ஆக்குவித்த வான் றீட்டினால் மகளாக வளர்க்கப்பட்டவள். அவள் அதன் பின்னரும் உயிர்வாழ்ந்து மணஞ் செய்துகொண்டாள் என ஆவணங்கள் காட்டுகின்றன. தூணே பழைய கோயிலொன்றுக்கு உரியதெனக் கருதப்படுகின்றது. பாயாத மங்கையின் கதையைக் கேட்டு இரங்குவோர், தூண் எங்கிருந்து வந்தது என்று வினவாமற் செல்வது வியப்பே.

கோயில் மறைந்த பின்னரும் மக்கள் குன்றை மறந்தாரிலர். 1950இல் நகரிற் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புப் படிமங்கள் வெளிப்பட்டன. இடிப்புக்கு அஞ்சியவர் மண்ணுள் மறைத்தவை அவை. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் குன்றடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963இற் புதிய கோயிலின் குடமுழுக்கு நிகழ்ந்தது. படைவீரர் காவல்புரிந்த பாதை மீண்டும் கோயிலுக்குச் செல்லும் பாதையாயிற்று. ஆயினும் இன்றுவரை அப்பாதை படைமுகாமொன்றினூடாகவே செல்கின்றது.

துறைமுகத்தின் கதையும் இதற்கு ஒத்ததே. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. பிறர் போருக்காகக் குண்டேற்ற நகரம், சுதந்திரத்தின் பின்னும் ஒன்பது ஆண்டுகள் பிரித்தானியக் கடற்படைத் தளமாகவே இருந்தது. 1957இலேயே அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

இறங்கிவரும் வழியிற் காந்தி சிலையைக் கடக்கின்றோம். இவ்விடத்தைப் பேசாது செல்லுதல் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, நண்பரோடு கடற்காற்று வாங்க வந்த ஐந்து தமிழ் மாணவர் இதன் அண்மையிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் பிரிவினர் 13 பேரும் 2019இற் போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டனர். அம்மாணவர் கோட்டையைக் கைப்பற்ற வந்தவரல்லர். துறையைக் கேட்டு வந்தவருமல்லர். நாம் இன்று நடந்த அதே நடையையே அவரும் அன்று மேற்கொண்டனர். அவருக்குக் கல்லறைத் தூணும் கதை கூறும் வழிகாட்டிகளும் இல்லை. 1687இற் சாகாத ஒருத்தியின் சாவைக் கூறும் கரையில், 2006இல் இறந்த ஐவரின் சாவு கூறப்படாதிருத்தல் நம் காலத்து வரலாற்றறிவின் குறைபாடாகும்.

பேக் பே கரையை அடையும்போது வள்ளங்கள் மணலில் ஏறியிருக்கும். வலை பொத்துவோர் நிழலில் அமர்ந்திருப்பர். 2004இன் ஆழிப்பேரலையும் போரும் கண்ட கரை இது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்துச் சிறுவரும் இன்று இங்கு விளையாடுகின்றனர். மேலே நாம் கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இக்கரையைக் கைப்பற்றியோர் பலர். அதனைக் கோட்டையாக்கினோர் பலர். மக்கள் தடையின்றி நடந்து திரிந்த காலங்களோ மிகச் சில. ஆகவே, ஒரு குடும்பம் மாலையில் அச்சமின்றி இக்குடாவைச் சுற்றி நடந்து வீடு திரும்புதல் சிறு செய்தியன்று. திருகோணமலை வரலாற்றில் அது அரிதிற் கிடைத்த பேறு. அதனைக் காத்தற்கு முதற்படி, வழியிலுள்ள ஒவ்வொரு கல்லும் எதனைக் கூறுகின்றது என்பதை உள்ளவாறு அறிந்து அடுத்த தலைமுறைக்குக் கூறுதலேயாம்.