கருப்பை அடியிறக்கம்: இரண சிகிச்சையின் வரலாறு

கருப்பையைத் தாங்கி நிற்கும் தசைகளும் நார்க்கட்டுகளும் பிரசவங்களாலும் மூப்பினாலும் தளர்வுற, அவ்வுறுப்பு யோனியின் வழியே கீழிறங்கும் நிலை அடியிறக்கம் எனப்படும். தளர்ந்தவை தாங்கிகளாயிருக்க, தாங்கப்பெற்ற உறுப்பை அகற்றுதல் தகுமா என்ற வினாவே இதன் சிகிச்சை வரலாற்றில் இடையறாது தொடர்கிறது.

ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்கள், நோயாளியை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்குவதையும், பாதி மாதுளங்கனியை உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கச் செய்வதையும் கூறுகின்றன. இடைக்காலக் குறிப்புகள் சொற்பம். 1813-இல் ஜெர்மானியரான லாங்கன்பெக் கருப்பையை யோனி வழியாகவே அகற்றினார். 1877-இல் பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர் வெளியிட்ட முறையில் யோனியின் முன்பின் சுவர்கள் ஒன்றோடொன்று தைக்கப்படுவதால், தாம்பத்திய உறவை வேண்டாத முதிய மகளிர்க்கே அது உரியதாயிற்று.

1888-இல் மான்செஸ்டர் நகரத்தில் மருத்துவர் ஆர்ச்சிபால்டு டொனால்டு, கருப்பையை அகற்றாமல், நீண்டுபோன அதன் கழுத்தை மட்டும் துண்டித்து, யோனிச் சுவர்களைச் சீராக்கித் தைக்கும் முறையைக் கையாளத் தொடங்கினார். அவ்வட்டாரமான லங்காஷயரின் பஞ்சாலைகளில் நாள் முழுதும் நின்று உழைத்த தாய்மார், வலுப்பெற்ற உடலோடு தறிகளின் முன் மீண்டும் நிற்க வேண்டியிருந்தமையே அம்முயற்சிக்குத் தூண்டுதல் என்பர். பின்னர் மருத்துவர் ஃபோதர்கில் அதனைத் திருத்தியமைத்து, கழுத்தின் இருமருங்கும் உள்ள நார்க்கட்டுகளைக் குறுக்கி முன்புறமாகத் தைப்பதை வலியுறுத்தினார். இச்சிகிச்சை மான்செஸ்டர் என்னும் ஊரின் பெயராலும் ஃபோதர்கிலின் பெயராலும் வழங்குகிறது. பெருமையில் எவர்க்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து ஒருமிக்கவில்லை.

எனினும், கழுத்து துண்டிக்கப்பட்டபின் கருத்தரித்தல் அரிதாதலும் குறைப்பிரசவம் நேர்தலும் காணப்பட்டன. இளம்பருவத்திலேயே அடியிறக்கமுற்று, மீண்டும் மகப்பேற்றை விரும்பிய மகளிரைக் கருதி, பம்பாயில் மருத்துவர் ஷிரோத்கர் கழுத்தைக் காக்கும் திருத்தத்தையும், கருப்பையை நாடாவினால் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின் மேல்விளிம்போடு பிணைக்கும் முறையையும் வகுத்தார். மருத்துவர் புரந்தரேயின் முறையோ, வயிற்றுத் தசையுறையின் கீற்றுகளால் கழுத்தைத் தூக்கி நிறுத்துவது.

கருப்பையை முற்றும் அகற்றினால் அதில் பின்னர் நோய் தோன்றும் அச்சம் நீங்கும். ஆயினும் தாங்கிகளின் தளர்ச்சி எஞ்சுமாதலின், யோனியின் மேற்பகுதி பிற்காலத்தில் இறங்குதலும் உண்டு. அத்தளர்ச்சிக்கு ஈடாக யோனி வழியே பொருத்தப்படும் செயற்கை வலைகள் சில காலம் பரவின; சிக்கல்கள் மிகுந்தமையால் 2019-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கான அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. கருப்பையைக் காக்கும் இரு முறைகளை ஒப்பிட்டு 2023-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கருப்பையை இடுப்பெலும்பு நார்க்கட்டோடு தைக்கும் முறை ஈராண்டு முடிவில் 77 சதவீத வெற்றியைத் தர, மான்செஸ்டர் முறை 87 சதவீதம் தந்தது.