ஈஸ்ட் சாறு காட்டிய வழி

கருவுற்ற தாய்மார்களுக்கு நம் சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அதன் வரலாறு நம் நாட்டிலேயே தொடங்கியது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளரான ஏழைப் பெண்களைக் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகை பீடித்தது, உயிரிழந்தோரும் உண்டு. அவர்களுடைய உணவில் காய்கறியும் பழமும் மிகக் குறைவு என்பதை வில்ஸ் கவனித்தார். 'மார்மைட்' என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார். நோயாளிகள் தேறினர்! 1931இல் இதை வெளியிட்டார்.

சாற்றிலிருந்த மருந்து எது? வேறொரு சோகையைக் குணப்படுத்திய, தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு இங்கே பயன்படவில்லை. ஆகவே இது புதியதொரு பொருளே என்பது தெளிவாயிற்று. அதற்கு 'வில்ஸ் காரணி' என்று பெயரிட்டனர்.

1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் 4 டன் பசலைக்கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதை அத்துடன் முடியவில்லை. தண்டுவடக் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற பெண்கள், கருவுறுமுன்பே இதை உட்கொண்டால், அக்குறை மீண்டும் நேர்வது சுமார் 72 சதவீதம் குறைகிறது என்று 1991இல் ஓர் ஆய்வு காட்டியது. கருவின் நரம்புக்குழல் நான்கே வாரங்களில் மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் கருவுற்றதை அப்போது அறிந்திருப்பதில்லை. அதனால்தான், கருவுற எண்ணும்போதே மருத்துவரைக் கேட்டு இம்மாத்திரையைத் தொடங்க வேண்டும்.