கருவி யாருடையது? பணியிட இணைய உலாவலில் அந்தரங்கம் உருவான வரலாறு

குரோம் உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்தால் தொப்பியும் கண்ணாடியும் அணிந்த ஓர் உருவம் தெரியும். அதன் கீழே உள்ள சிறு குறிப்பை நின்று படிப்பவர்கள் குறைவு. நீங்கள் போகும் தளங்களுக்கும், உங்கள் முதலாளிக்கோ பள்ளிக்கோ, இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் உங்கள் நடமாட்டம் தெரியக்கூடும் என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடுகிறது. மதிய இடைவேளையில் மருத்துவரிடம் நேரம் கேட்கவோ, வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவோ அந்தச் சாளரத்தைத் திறப்பவர் குறிப்பைப் பார்ப்பதில்லை. தொப்பியை நம்புகிறார்.

அந்த நம்பிக்கைக்கும் குறிப்புக்கும் இடையில் ஏறத்தாழ முப்பதாண்டு வரலாறு இருக்கிறது. அதை முதன்மையாக ஐரோப்பிய வழக்குகளின் வழியே இக்கட்டுரை பின்தொடர்கிறது. அலுவலகக் கணினியில் சொந்த உலாவலுக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பின் வேரைத் தேடினால், அது உலாவி செய்தவர்களிடம் கிடைப்பதில்லை. பழைய தொலைபேசி வழக்கொன்றில் கிடைக்கிறது என்பது என் வாதம்.

இரண்டு தொலைபேசிகள்

அலிசன் ஹால்ஃபோர்ட் இங்கிலாந்தின் மெர்சிசைட் காவல்துறையில் உயர் பதவியில் இருந்தவர். பெண் என்பதால் தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்படுகிறது என்று 1990-இல் தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தார். அவருடைய அலுவலக அறையில் இரண்டு தொலைபேசிகள் இருந்தன; ஒன்று சொந்தப் பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வழக்கில் தனக்கு எதிராகப் பயன்படுத்துவதற்காகத் தன் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள் என்பது அவர் புகார். பிரிட்டன் அரசின் பதிலில் சுற்றி வளைப்பு இல்லை: தொலைபேசி காவல்துறையுடையது, தன் கருவியைக் கண்காணிக்க முதலாளிக்கு உரிமை உண்டு. அன்றிருந்த 1985-ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்புச் சட்டமும் பொதுத் தொலைபேசி வலையமைப்புக்கு மட்டுமே பொருந்தியது. அலுவலகத்தின் உள் இணைப்புகள் அதற்கு வெளியே கிடந்தன.

ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 25 ஜூன் 1997 அன்று ஹால்ஃபோர்டின் பக்கம் தீர்ப்பளித்தது; 10,000 பவுண்டு இழப்பீடும் தந்தது. ஒட்டுக்கேட்கக்கூடும் என்று அவரிடம் யாரும் எச்சரிக்கவில்லை, ஆகவே தன் பேச்சு அந்தரங்கமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தது நியாயமே என்றது நீதிமன்றம்.

இந்தக் காரணத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பணியாளருக்கு உரிமை தந்த அதே வரி, முதலாளிக்கு வழியும் காட்டிவிட்டது. எச்சரிக்காததுதான் குற்றமென்றால், எச்சரித்துவிட்டால் தீர்ந்தது. கணினியில் உள்நுழையும்போதே 'இந்தக் கருவியில் நடப்பவை யாவும் கண்காணிக்கப்படலாம்' என்று வரும் அறிவிப்புக்கும், வேலையில் சேரும் நாளில் படிக்காமல் கையெழுத்திடும் கொள்கைத் தாளுக்கும் சட்டத்தில் ஏன் இவ்வளவு எடை கிடைத்தது என்பது இங்கிருந்துதான் விளங்குகிறது. பிரிட்டனில் 24 அக்டோபர் 2000 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், சில தொழில் நோக்கங்களுக்காகப் பணியாளரின் ஒப்புதல் இல்லாமலே முதலாளி தகவல் தொடர்பை இடைமறிக்க அனுமதித்தன. பயன்படுத்துவோருக்குத் தெரிவிக்க நியாயமான முயற்சி எடுத்திருந்தால் போதும்.

தளங்களின் பட்டியல்

அந்த விதிகள் வருவதற்குச் சற்று முன், 1999-இன் பின்பகுதியில், வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷயர் கல்லூரியில் நடந்தது அடுத்த திருப்பம். முதல்வரின் உதவியாளராக இருந்த லினெட் கோப்லண்டின் தொலைபேசி, மின்னஞ்சல், இணையப் பயன்பாடு மூன்றும் துணை முதல்வர் ஒருவரின் தூண்டுதலால் கண்காணிக்கப்பட்டன. எந்தத் தளங்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அலசப்பட்டது. உள்ளடக்கத்தை நாங்கள் படிக்கவில்லை, தானாகப் பதிவாகும் விவரங்களைத்தான் பார்த்தோம் என்றது அரசுத் தரப்பு.

ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொலைபேசிக்கு உள்ள பாதுகாப்பு மின்னஞ்சலுக்கும் சொந்த இணையப் பயன்பாட்டைக் கண்காணித்துக் கிடைக்கும் தகவலுக்கும் உண்டு என்று 3 ஏப்ரல் 2007 அன்று கூறி, 3,000 யூரோ இழப்பீடு வழங்கியது. பார்த்த பக்கத்தில் என்ன இருந்தது என்று படிக்காவிட்டாலும், ஒருவர் எந்த நோயைப் பற்றிய தளத்துக்கு எத்தனை முறை போனார் என்பதே அவர் கதையைச் சொல்லிவிடும். அந்த வகையில் இணைய முகவரி தொலைபேசி எண்ணைவிட வாயாடி.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் வெளி இணையத்தை நேரடியாகத் தொடுவதில்லை. இடையில் ப்ராக்ஸி என்னும் வாயில்காப்பான் நிற்கும். 1990-களில் பரவிய ஸ்குவிட் போன்ற மென்பொருள்கள், அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களைச் சேமித்து வைத்து இணைப்புச் செலவைக் குறைக்க எழுதப்பட்டவை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரம், கேட்ட கணினி, முழு முகவரி, அளவு என்று ஒரு வரி 'லாக்' கோப்பில் விழும். வேவு பார்க்க யாரும் அதை வடிவமைக்கவில்லை. ஆனால் கோப்பு அங்கேயே கிடக்கும், என்றாவது ஒருநாள் யாராவது திறப்பார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை வேறு மாதிரி. மின்னஞ்சல்கள் ரகசியமாகவே இருக்கும் என்று நிறுவனமே வாக்குக் கொடுத்திருந்தும், அவற்றைக் காட்டி வேலை நீக்கப்பட்டவருக்கு அந்தரங்க எதிர்பார்ப்பு இல்லை என்று பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 1996-இல், பில்ஸ்பரி நிறுவன வழக்கில் முடிவு செய்தது. ஆனால் கண்காணிப்பு நீதிபதிகளையே தொட்டபோது எதிர்வினை மாறியது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகம் இசைப் பதிவிறக்கம், காணொளி, ஆபாசத் தளங்கள் ஆகியவற்றைக் கண்டறிய மென்பொருள் வைத்திருந்தது. மே 2001-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் அதை ஏறத்தாழ ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். 1986-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்பு அந்தரங்கச் சட்டத்தையே அது மீறுகிறது என்பது அவர்கள் அச்சம். அலெக்ஸ் கோசின்ஸ்கி என்ற நீதிபதி செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் சக நீதிபதிகளுக்குப் பகிரங்கமாகவே எழுதினார். அதே கோசின்ஸ்கி, தன்னிடம் வேலை பார்த்த பெண்கள் சொன்ன பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு 2017 டிசம்பரில் பதவி விலகினார் என்பதையும் இங்கே குறிக்கத்தான் வேண்டும். அலுவலகத்தில் அந்தரங்கம் கேட்பவர் எப்போதும் எளியவராகவே இருப்பார் என்று எண்ணிக்கொண்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

பிரான்சில் இன்னொரு நூதனம். முதலாளி தடை விதித்திருந்தாலும் பணியாளரின் சொந்த மடல்களைப் படிக்கக் கூடாது என்று 2 அக்டோபர் 2001 அன்று நிக்கான் வழக்கில் முழங்கிய அதே உச்ச நீதிமன்றம், 9 ஜூலை 2008 அன்று உலாவலைத் தனியே பிரித்தது. வேலை நேரத்தில் அலுவலகக் கணினியிலிருந்து நடக்கும் இணையத் தொடர்புகள் தொழில் சார்ந்தவை என்றே கொள்ளப்படும். பணியாளர் இல்லாதபோதும் முதலாளி அவற்றைப் பார்க்கலாம். உலாவியில் 'விருப்பப் பக்கங்கள்' என்று சேமித்து வைத்தாலும் அது சொந்தமாகிவிடாது என்று 2010-இல் சேர்த்துக்கொண்டது. கடிதத்துக்கு உறை உண்டு, கோப்புக்குப் பெயர் சூட்டலாம். உலாவலுக்கு மட்டும் 'இது என் சொந்த விஷயம்' என்று மேலே எழுதி வைக்க இடமில்லை.

சாளரமும் பூட்டும்

இதே ஆண்டுகளில்தான் உலாவிகளில் மறைவுச் சாளரங்கள் வந்தன. ஏப்ரல் 2005-இல் ஆப்பிளின் சஃபாரி, செப்டம்பர் 2008-இல் குரோம், 2009-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, அதே ஆண்டு ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3.5. எல்லாமே செய்வது ஒன்றுதான்: சாளரத்தை மூடியதும் போன பக்கங்களின் வரலாறு, குக்கீ, படிவத்தில் அடித்த விவரங்கள் ஆகியவற்றை அந்தக் கணினியில் மிச்சம் வைக்காமல் விடுவது. அடுத்து அதே நாற்காலியில் உட்காருபவரிடமிருந்து, வீட்டுக் கணினியில் மனைவியிடமிருந்து, நெட் சென்டரில் முன்பின் தெரியாதவரிடமிருந்து அது காக்கும். வலையமைப்பை ஆள்பவர் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

வாயில்காப்பானின் கண்ணை ஓரளவு மறைத்தது வேறொன்று: உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பைப் பூட்டி மறைக்கும் ஹெச்டிடிபிஎஸ். பொது வைஃபையில் பிறர் கணக்கைப் பறிப்பது எவ்வளவு எளிது என்று ஃபயர்ஷீப் என்ற சிறு நீட்சி 2010-இல் காட்டியது. 2013-இல், அரசு உளவு அமைப்புகளின் பரவலான இணையக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்தன. 2015 இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட், அந்தப் பூட்டுக்குத் தளங்களுக்குத் தேவையான சான்றிதழ்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் பிறகு ப்ராக்ஸி பதிவில் தளத்தின் பெயர் மட்டும் எஞ்சியது. எந்தப் பக்கம், என்ன தேடல் என்பது மறைந்தது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. கணினி அவர்களுடையது அல்லவா? தங்கள் சொந்த மூலச் சான்றிதழை ஒவ்வொரு அலுவலக மடிக்கணினியிலும் பதித்துவிட்டால், வாயிலில் உள்ள கருவி பூட்டைத் திறந்து பார்த்து மறுபடி பூட்டி அனுப்பலாம். பயனரின் திரையில் பூட்டுச் சின்னம் அப்படியே இருக்கும். அதைச் சொடுக்கி, சான்றிதழை வழங்கியது யார் என்று பார்த்தால் மட்டுமே நிறுவனத்தின் பெயர் தெரியும். போலிச் சான்றிதழைப் பிடிக்க குரோமில் இருந்த ஏற்பாடும் இப்படிக் கணினியில் பதிக்கப்பட்ட சான்றிதழ்களுக்கு விலக்கு அளித்தது. தளப்பெயர்த் தேடலையும் மறைக்கும் வசதியை ஃபயர்ஃபாக்ஸ் 2020-இல் அமெரிக்காவில் பரவலாக்கியபோது, நிறுவனக் கொள்கை அமைந்த கணினிகளில் தானாக இயங்காமல் ஒதுங்கியது. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. கருவியின் உரிமையாளர் சொல்வதைக் கேட்பதுதான் மென்பொருளின் இயல்பு. 1997-இல் நீதிமன்றம் நிராகரித்த வாதம் உலாவிக்குள் தொழில்நுட்ப விதியாகக் குடிபுகுந்துவிட்டது.

சொல்லிவிட்டால் போதுமா

சட்டத்தின் பக்கம் மிக நீண்ட பயணம் ருமேனியாவிலிருந்து புறப்பட்டது. புக்கரெஸ்ட் நிறுவனமொன்றில் விற்பனைப் பொறியாளராக இருந்தவர் பொக்தான் பர்புலெஸ்கு. வாடிக்கையாளர்களுக்குப் பதிலளிக்க யாஹூ மெசஞ்சரில் கணக்குத் தொடங்கச் சொன்னதே நிறுவனம்தான். அலுவலகக் கருவிகளைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. அப்படிப் பயன்படுத்திய ஒருவர் வேலை நீக்கப்பட்டார் என்று ஜூலை 2007-இல் சுற்றறிக்கையும் வந்தது. அதே மாதம் 5 முதல் 13 வரை பர்புலெஸ்குவின் உரையாடல்களை நிறுவனம் பதிவு செய்தது. கூப்பிட்டுக் கேட்டபோது, அலுவல் விஷயமாக மட்டுமே பயன்படுத்தியதாக அவர் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு 45 பக்க அச்சுப்படி நீட்டப்பட்டது. அதில் சகோதரரோடும், மணம் பேசியிருந்த பெண்ணோடும் அவர் பேசியவை இருந்தன. சில மிக நெருக்கமானவை. ஆகஸ்ட் 1 அன்று வேலை போயிற்று.

ருமேனிய நீதிமன்றங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. ஸ்ட்ராஸ்பூரில் 12 ஜனவரி 2016 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனத்தின் செயல் நியாயம் என்றார்கள். அதே நீதிமன்றத்தின் பெருமன்றம் 5 செப்டம்பர் 2017 அன்று, 11-க்கு 6 என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. விதி இருந்ததும் அது அவருக்குத் தெரிந்திருந்ததும் மறுக்கப்படவில்லை. எவ்வளவு கண்காணிப்போம், உள்ளடக்கத்தையும் படிப்போமா என்று முன்கூட்டிச் சொன்னார்களா? இதைவிடக் குறைந்த குறுக்கீட்டில் காரியம் ஆகியிருக்காதா? கண்காணிக்க உண்மையான காரணம் ஏதாவது இருந்ததா? இவற்றை உள்நாட்டு நீதிமன்றங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் குறை. முதலாளியின் கட்டளையால் பணியிடத்தில் ஒருவரின் தனிப்பட்ட சமூக வாழ்வைச் சுழியமாக்கிவிட முடியாது என்றது பெருமன்றம். எச்சரித்துவிட்டால் தீர்ந்தது என்ற இருபதாண்டுக் கணக்கு அங்கே முறிந்தது.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 24 ஆகஸ்ட் 2017 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்திருந்தது. ஆனால் 2023-இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் பணியாளரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. சென்னையின் தகவல் தொழில்நுட்பச் சாலையான ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவருக்கு ஸ்ட்ராஸ்பூரின் கேள்விகளைக் கேட்டுத் தர இன்னும் சட்டம் இல்லை.

கண்காணிப்பு இதற்குள் வாயிலை விட்டு மேசைக்கே வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பரவிய பிறகு, கணினியிலேயே அமர்ந்து திரையைப் படமெடுக்கும் மென்பொருளுக்குப் பூட்டை உடைக்கும் தேவையே இல்லை; மறைநிலைச் சாளரமும் அந்தப் படத்தில் தொப்பியோடு விழும். பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் டிசம்பர் 2024-இல் நிலச்சொத்துத் துறை நிறுவனமொன்றுக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கே ஓடிய மென்பொருள், விசையோ சுட்டியோ மூன்று முதல் பதினைந்து நிமிடம் அசையாவிட்டால் அதைச் சும்மா இருந்த நேரமாகக் குறித்து, திரையைப் படமெடுத்தும் சேமித்தது.

பர்புலெஸ்குவுக்கு இழப்பீடு எதுவும் வழங்கப்படவில்லை. உரிமை மீறப்பட்டது என்ற தீர்ப்பே போதுமான நிவாரணம் என்றது பெருமன்றம். வழக்குச் செலவுக்கு என்று 1,365 யூரோ கிடைத்தது.