விற்க முடியாத கரை

அமெரிக்காவில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் விருந்துக்குக் கூடினால், பாயசம் வருவதற்குள் ஊர்ப்பேச்சு தொடங்கிவிடும். எந்த நகரம் நல்ல நகரம்? நியூயார்க் பக்கத்து எடிசன் நகரிலிருந்து வந்தவர் நியூயார்க்குக்கு ஈடு உண்டா என்பார். நடுராத்திரியிலும் ரயில் ஓடுகிறது, எந்த நாட்டுச் சாப்பாடும் கிடைக்கிறது. சான் ஹோசேயில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சான் பிரான்சிஸ்கோவின் குளுமையைச் சொல்வார்கள். டாலஸ் பக்கம் வீடு வாங்கியவர் வீட்டு விலையையும், டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததையும் கணக்குப் போட்டுக் காட்டுவார். சியாட்டில்காரருக்கு ரெய்னியர் மலை ஒன்றே போதும். என் முறை வரும்போது நான் சிகாகோ என்பேன். உடனே எல்லோரும் ஜனவரிக் குளிரைப் பிடித்துக்கொள்வார்கள்.

குளிர் உண்மைதான். ஆனால் மற்றவர்கள் அடுக்குகிற காரணங்களில் முக்கால்வாசி, கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதிலேயே நிற்கின்றன. எனக்கு வேறு கேள்வி முக்கியம்: கையில் காசில்லாத நாளில் அந்த ஊர் உங்களுக்கு என்ன தருகிறது?

சிகாகோ எங்களுக்கு ஏரியைத் தந்தது. டெவன் அவென்யூ பக்கத்தில் ஒற்றை அறை வீடு. என் கணவர் படித்துக்கொண்டிருந்தார்; கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர்சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறி மான்ட்ரோஸ் கரைக்குப் போவோம். டிக்கெட் இல்லை, கதவு இல்லை, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. ஒரு பக்கம் மெக்சிகோக் குடும்பம் கோழி சுட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் போலந்துக் கிழவர்கள் தூண்டில் போட்டிருப்பார்கள். முன்னால் எதிர்க்கரை தெரியாத மிச்சிகன் ஏரி. பின்னால் திரும்பினால் விலையைக் கேட்கவே பயமாக இருக்கும் அடுக்குமாடிகள். இவ்வளவு மதிப்புள்ள கரையை எப்படி யாரும் வளைத்துப் போடாமல் விட்டார்கள் என்று அப்போதே தோன்றியது. பிறகு நகர நூலகத்தின் கிளை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊர் வரலாற்றுப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நானும் படித்தேன். வளைத்துப் போடப் பலமுறை முயன்றிருக்கிறார்கள். அந்தக் கதைதான் நான் சிகாகோ என்று சொல்வதற்குக் காரணம்.

எந்த ஊர் பெரிது என்ற சண்டை நாம் கொண்டுவந்ததல்ல. அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டு முழுக்க இதைப் போட்டிருக்கிறார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த செயின்ட் லூயிஸ் நீராவிப் படகுகளை நம்பியது. சிகாகோ ரயிலை நம்பியது. 1856இல் மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் ராக் ஐலண்டில் எழும்பியது. திறந்த சில வாரங்களில் எஃபி ஆஃப்டன் என்ற நீராவிக் கப்பல் அதில் மோதி எரிந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. கப்பல் தரப்பு போட்ட வழக்கில் பாலக் கம்பெனிக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். பாலம் நிலைத்தது. மேற்கின் கோதுமையும் மாடுகளும் ரயிலேறிச் சிகாகோவுக்கு வந்தன. 1840இல் ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர், 1890இல் பத்து லட்சத்தைத் தாண்டி நாட்டின் இரண்டாவது பெரிய நகரமாகிவிட்டது.

அதே 1890இல் ஊர்ப்பேச்சு நாடாளுமன்றத்துக்கே போனது. கொலம்பஸ் வந்த நானூறாம் ஆண்டுக்கான உலகக் கண்காட்சியை எந்த நகரத்தில் நடத்துவது? நியூயார்க், சிகாகோ, செயின்ட் லூயிஸ், வாஷிங்டன் நான்கும் மல்லுக்கட்டின. பிப்ரவரி 24 அன்று எட்டாவது சுற்று வாக்கெடுப்பில் சிகாகோ வென்றது. 1893இல் நடந்த கண்காட்சியை ஏறத்தாழ 2.7 கோடி தடவை மக்கள் வந்து பார்த்தார்கள். உலகின் முதல் ஃபெர்ரிஸ் சக்கரம் அங்கேதான் சுற்றியது.

வளர்ந்துகொண்டே போகிற, பணத்தின் மேல் இவ்வளவு ஆசை வைத்த ஊரில், கரை எப்படித் தப்பியது? தொடக்கம் ஒரு வரைபடத்தில் இருக்கிறது. இல்லினாய் மிச்சிகன் கால்வாய் வெட்டப் பணம் திரட்டுவதற்காகக் கால்வாய் ஆணையர்கள் 1836இல் மனை போட்டு விற்றார்கள். அதற்கான வரைபடத்தில் மிச்சிகன் அவென்யூவுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த துண்டு நிலத்தின்மேல், இது பொது நிலம், எந்தக் கட்டடமும் தடையும் இல்லாமல் என்றென்றும் திறந்தே கிடக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். சிகாகோ சட்டப்படி நகரம் என்ற தகுதியைப் பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது.

எழுதியது காகிதத்தில் இருந்தது. கரை வேறு பாடு பட்டது. அலைகள் மிச்சிகன் அவென்யூவையே அரித்தன. தடுப்புச்சுவர் கட்ட நகராட்சியிடம் பணமில்லை. 1852இல் இல்லினாய் சென்ட்ரல் ரயில் கம்பெனியோடு பேரம் முடிந்தது: கம்பெனி அலைத்தடுப்பு கட்டும், பதிலுக்கு ஏரித் தண்ணீருக்குள்ளேயே கால் நட்டு அதன்மேல் தண்டவாளம் போட்டுக்கொள்ளும். 1871 அக்டோபரில் ஊரே தீப்பிடித்து எரிந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். எரிந்த செங்கல்லையும் இரும்பையும் தண்டவாளத்துக்கும் கரைக்கும் நடுவே இருந்த தண்ணீரில் கொட்டித் தூர்த்தார்கள். இன்று அந்த நிலத்தில் இருக்கும் கிராண்ட் பார்க் பூங்காவில் நடப்பவர்கள் அந்தப் பழைய சிகாகோவின் இடிபாட்டின்மேல்தான் நடக்கிறார்கள்.

தீக்கு முன்பே இன்னொரு ஆபத்து வந்துவிட்டது. 1869இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, ஏரியின் அடிநிலத்தில் சுமார் ஆயிரம் ஏக்கரை அதே ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. நகரத்தின் துறைமுகம் ஏறத்தாழ மொத்தமும் அதற்குள் அடங்கும். எதிர்ப்பு கிளம்பி, 1873இல் சட்டமன்றமே அதை ரத்து செய்தது. கம்பெனி விடவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை ஏறி, 1892இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ந்தது: கப்பல் ஓடும் நீரின் அடிநிலத்தை அரசு மக்களுக்காக வைத்துக் காக்கிறது, அந்தப் பொறுப்பை ஒரு தனியார் கையில் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க அதற்கு உரிமை இல்லை.

இந்தத் தீர்ப்பு சிகாகோவோடு நிற்கவில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிய வழக்கில், 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் இந்தச் சிகாகோ வழக்கை எடுத்துப் பேசி, ஆறும் கரையும் காடும் அரசு மக்களுக்காகக் காக்கும் சொத்து என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்திலும் உண்டு என்றது. நூலகத்தில் இதைப் படித்த நாளிலிருந்து மிச்சிகன் ஏரி எனக்கு அயலூர் ஏரியாகத் தோன்றியதில்லை.

ஆனாலும் தீர்ப்பு தானாகக் காவல் காக்காது, ஆள் வேண்டும். அந்த ஆள் ஆரன் மான்ட்கோமரி வார்டு. தபாலில் சரக்கு விற்கும் வியாபாரத்தை 1872இல் ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு தொடங்கிப் பெரும் பணக்காரரானவர். மிச்சிகன் அவென்யூவில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு எதிரே, பொது நிலம் என்று எழுதப்பட்ட அதே இடத்தில், கொட்டகைகளும் குப்பைமேடும் கிடந்தன. நகராட்சி அங்கே இன்னும் கட்டடங்கள் கட்டத் திட்டமிட்டது. 1890இல் வார்டு வழக்குப் போட்டார். அவருடைய வாதம் எளியது: எதிரே திறந்தவெளி என்று வரைபடத்தில் காட்டி மனையை விற்றீர்கள், அதை நம்பி வாங்கியவர்களின் வழியில் வந்தவன் நான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

இருபது ஆண்டுகள் அவர் நீதிமன்றப் படி ஏறினார். மாநில உச்ச நீதிமன்றம் நான்கு முறை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மார்ஷல் ஃபீல்டு என்ற இன்னொரு வியாபாரி அருங்காட்சியகத்துக்காக 80 லட்சம் டாலர் உயில் எழுதி வைத்து 1906இல் இறந்தபோது, அதைக் கிராண்ட் பார்க்கின் நடுவே கட்டலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் விரும்பினார்கள். வார்டு அதையும் மறித்தார். பத்திரிகைகள் திட்டின, முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்றன. பணக்காரர்களுக்காக அல்ல, ஏழைகளுக்காகவே போராடினேன் என்று 1909இல் அவர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். 1913இல் இறந்தார். ஃபீல்டு அருங்காட்சியகம் தெற்கே, ஏரியைத் தூர்த்த புது நிலத்தில் 1921இல் திறந்தது. பூங்கா பிழைத்தது, அருங்காட்சியகமும் கிடைத்தது.

வார்டு மறிக்காமல் விட்ட கட்டடம் ஒன்று உண்டு. இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கும் கட்டடம்தான் அது. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமய மாநாட்டில் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகப் பணம் திரட்டி அனுப்பிய துறவி நின்ற இடம், இந்தப் பொதுக்கரையின்மேல்தான்.

1909இல் டேனியல் பர்ன்ஹாமும் எட்வர்ட் பென்னெட்டும் நகரத்துக்கு ஒரு பெருந்திட்டம் வரைந்து வெளியிட்டார்கள். கரை முழுவதும் மக்களுக்கே என்ற எண்ணம் அதில் முழு உருவம் பெற்றது. பூங்காவின் நடுவே அருங்காட்சியகம் வேண்டும் என்றவர் இதே பர்ன்ஹாம். வேண்டாம் என்றவர் வார்டு. பெரிதாகக் கனவு காண ஒருவர், எழுதிக் கொடுத்ததை நினைவூட்ட ஒருவர் என்று ஊருக்கு இருவருமே வேண்டியிருந்தது. இன்னொரு செய்தி நூலகக்காரியான என் நெஞ்சுக்கு நெருக்கமானது: அந்தத் திட்டத்தை விளக்கி ஒரு பாடப்புத்தகம் எழுதி, சிகாகோவின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தார்கள். ஊரின் கரை யாருடையது என்பதைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த நகரம் இது.

ஆனால் திறந்த கரை என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் திறந்துவிடாது. அதையும் சொன்னால்தான் என் வாதம் நேர்மையானது. 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் நண்பர்களோடு ஏரியில் தெப்பம் விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். 29ஆம் தெருக் கரையருகே, வெள்ளையர் தமக்கென்று வைத்துக்கொண்ட நீருக்குள் தெப்பம் மிதந்து போனது. அங்கே கோடும் இல்லை, வேலியும் இல்லை. ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். பையன் மூழ்கி இறந்தான். எறிந்தவரைக் கைது செய்ய அங்கிருந்த காவலர் மறுத்தார். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள்: 23 கறுப்பினத்தவர், 15 வெள்ளையர். 1960, 61ஆம் ஆண்டுகளில்கூட ரெயின்போ பீச்சில் கறுப்பின இளைஞர்கள் துணிந்து கூட்டமாக இறங்கித் தங்கள் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. அவர்கள்மேலும் கற்கள் விழுந்தன. ஊரார் வருகிறபோதெல்லாம் 29ஆம் தெருவில் யூஜினின் நினைவுக்கல் இருக்கும் இடத்துக்கும் அழைத்துப் போகிறேன். நாங்கள் யாரும் கேள்வி கேட்காமல் மான்ட்ரோஸ் மணலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டதில் வார்டுக்குப் பங்கு இருப்பதுபோல், அந்த இளைஞர்களுக்கும் பங்கு இருக்கிறது.

மற்ற நகரங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோ தன் விரிகுடாக் கரையில் இரண்டடுக்கு நெடுஞ்சாலை கட்டி, 1989 நிலநடுக்கத்தில் அது சேதப்பட்ட பிறகு இடித்துக் கரையை மீட்டது. சியாட்டில் தன் கரையை மறைத்த மேம்பாலத்தை 2019இல் இடித்தது. பிலடெல்பியாவில் இன்றும் டெலவேர் ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. சிகாகோவிலும் லேக் ஷோர் டிரைவின் கார்களைச் சுரங்கவழியாகக் கடந்துதான் பல இடங்களில் கரைக்குப் போக வேண்டும். தென்கிழக்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் எஃகு ஆலை கரையை அடைத்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் சுமார் 26 மைல் நீளக் கரையில் மிகப் பெரும்பகுதி பொதுவாகவே இருக்கிறது.

காவல் இன்னும் ஓயவில்லை. 2014இல் திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் அருங்காட்சியகத்தை ஏரிக்கரையில் கட்ட முன்வந்தார், மேயரும் ஆதரித்தார். பூங்காக்களுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு, ஏரியைத் தூர்த்த நிலம் மக்கள் சொத்து என்ற அதே கோட்பாட்டின்மேல் வழக்குப் போட்டது. 2016இல் அவர் சிகாகோவைக் கைவிட்டார்; பிறகு லாஸ் ஏஞ்சலஸைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் விருந்துகளில் இதைச் சொல்லி, வேலையும் வருமானமும் வந்திருக்குமே, பிடிவாதத்தால் கோட்டை விட்டீர்களே என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. வேலைவாய்ப்பு சின்ன விஷயமல்ல. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அருங்காட்சியகத்தை ஊருக்குள் நூறு இடங்களில் கட்டலாம். ஒருமுறை கொடுத்த கரையைத் திரும்பப் பெறப் பல தலைமுறை ஆகும்.

அதனால் எந்த நகரம் பிடிக்கும் என்று கேட்பவர்களிடம் நானும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஊரில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத நிலம் எது? அதைக் காக்க வழக்காடியவர் யார், அதில் நுழையக் கல்லடி பட்டவர் யார்? இந்தக் கேள்விக்குப் பெயரோடும் ஆண்டோடும் பதில் சொல்லத் தெரிந்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அவர் ஊரை நானும் விரும்புவேன்.